மாதவிலக்கு வலியும் பிள்ளைப்பேறும்



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மேடையில் பேசிப் பழக்கமில்லை. முதலில் ஒரு தப்பை ஒத்துக்கொள்கிறேன். 10 வருசத்துக்கு முன்னால் எங்கள் குழுவில் 15,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். தீர்மான நோட்டில் "ஆடு வாங்க" என்று இருக்கும். ஆடு வாங்கவே இல்லை. அந்தப் பணத்தோடு தோட்டையும் அடகு வைத்து வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டேன். "எங்கடி ஆடு?" என்று ஊக்குநர் அக்கா கேட்டபோது, "அம்மா வீட்டில் மேயுதுக்கா" என்று சொல்லிவிட்டேன். கடனை வட்டியோடு கட்டிவிட்டேன், அதில் குறையில்லை. ஆனால் மாதவிலக்கு வலிக்கு ஆபரேஷன் என்று சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை.

பள்ளிக்கூடம் படிக்கும்போதே மாதத்தில் மூணு நாள் சுருண்டு படுத்துவிடுவேன். கல்யாணம் ஆனா சரியாயிடும் என்றார்கள். 21 வயசில் கல்யாணம் ஆச்சு, வலி கூடத்தான் செய்தது. அஞ்சு வருசம் பிள்ளை இல்லை. மாமியார் கூட்டிப்போகாத கோயில் கிடையாது.

கடைசியில் ஒரு டாக்டரம்மாதான் ஸ்கேன் பார்த்து, சினைப்பையில் சாக்லேட் கட்டி இருக்கு, எண்டோமெட்ரியோசிஸ் என்றார். கர்ப்பப்பையின் உள்ளே இருக்கிற சவ்வு மாதிரியே வெளியிலும், சினைப்பையிலும் குடல் பக்கத்திலும் படருமாம். அதிலும் ரத்தம் கசியும், வெளியே போக வழியில்லை. உள்ளேயே புண்ணாகி ஒண்ணோடு ஒண்ணு ஒட்டிக்கொள்ளும். கருமுட்டை போகிற குழாய் அடைபடலாம். பத்துப் பெண்களில் ஒருத்திக்கு இது இருக்கிறதாம். இந்த மண்டபத்தில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் ஸ்கேனில் தெரியாது, எல்லாருக்கும் ஆபரேஷனும் தேவைப்படாது. இது இருந்தும் தானாகவே பிள்ளை பெற்றவர்கள் நிறையப் பேர்.

எனக்கு ஆபரேஷன் முடிந்து அடுத்த வருசம் தரித்தது. இனி கவலையில்லை என்றுதான் நினைத்தேன். கர்ப்பத்தைப் பதிவு செய்ய வந்த நர்சம்மாவிடம் பழைய வியாதியைச் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த பெரிய தப்பு. இந்த வியாதி உள்ளவர்களுக்குக் கரு கலைவதும், கரு குழாயிலேயே தங்குவதும், நஞ்சு கீழே இறங்கி வாயை அடைப்பதும், குறைமாசப் பிரசவமும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாம். எல்லாருக்கும் வராது. ஆனால் டாக்டருக்குத் தெரிந்திருந்தால் ஸ்கேனை அதற்கென்று கவனித்துப் பார்ப்பார்கள்.

ஏழாம் மாசம் விடிகாலையில் பார்த்தால் பாயெல்லாம் ரத்தம். வலியே இல்லை. வலியில்லையே, ஒண்ணுமிருக்காது என்று பக்கத்து வீட்டுப் பாட்டி உள்ளே கைவிட்டுப் பார்க்க வந்தார். என் வீட்டுக்காரர்தான் தடுத்து 108க்குப் போன் போட்டார். ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், நஞ்சு கீழே இருக்கும்போது கைவிட்டிருந்தால் ரத்தம் கொட்டியிருக்கும் என்று. இதை மட்டும் மறந்துடாதீங்க. கர்ப்பகாலத்தில் வலியில்லாமல் ரத்தம் போனாலும் உடனே கிளம்பணும். மூணு வாரம் ஆஸ்பத்திரியில் படுக்கை. எட்டாம் மாசம் சிசேரியன் செய்தார்கள். குழந்தை ரெண்டு கிலோகூட இல்லை. கொஞ்ச நாள் பெட்டியில் வைத்திருந்தார்கள். இப்போது மூணாவது படிக்கிறாள், என்னைவிட வாய் அதிகம்.

பிள்ளை பிறந்தா வலி போயிடும் என்பதும் முழுசா நிஜமில்லை. பால் கொடுத்தவரை சும்மா இருந்தது. மறுபடி தூரம் வர ஆரம்பித்ததும் வலியும் வந்தது. இன்றைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன்.

போன மாசம் எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி இதே வைத்தியத்துக்குக் கடன் கேட்டாள். ஆடு, மாடு எதுவும் சொல்லவில்லை. எண்டோமெட்ரியோசிஸ் என்ற பேரை ஊக்குநர் அக்கா ரெண்டு தரம் கேட்டு, எழுத்துக் கூட்டி நோட்டில் எழுதினார். எல்லாரும் கையெழுத்துப் போட்டோம்.