குழந்தைக்கு என்ன பரிசு?



ஆண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கிவிட்டால் நம் இல்லங்களில் உறவினர் வருகை மிகும். பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ், ரம்ஜான் முதலிய பண்டிகை நாள்களிலும் அவ்வாறே. வருவோர் ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள சிறு குழந்தைக்கு ஏதேனும் வாங்கிக் கொடுக்க விரும்புவர். கல்லூரியில் பயிலும் அண்ணன், கைச்செலவில் மிச்சம் பிடித்த பணத்தில் தங்கைக்கு ஒரு பொம்மை வாங்குவான். பள்ளி மாணவி ஒருத்தி அக்காளின் குழந்தைக்கு ஒன்று வாங்க எண்ணுவாள். அன்புக்கு அளவில்லை; ஆனால் பணத்திற்கு அளவுண்டு. அந்தப் பணத்தைக் கொண்டு வாங்கும் பொருள் மூன்று நாளில் உடைந்து குப்பைக்குப் போவதா, அல்லது மூன்று ஆண்டுகள் குழந்தையின் கையில் உறவாடுவதா? இதுவே இன்று நாம் சிந்திக்கப் புகும் செய்தி.

இதைச் சிறிய செய்தி என்று எண்ணிவிட வேண்டாம். பெரியவர்களுக்கு விளையாட்டு ஓய்வு. குழந்தைக்கோ அதுவே தொழில். எடுப்பதும் வைப்பதும், அடுக்குவதும் கலைப்பதும், உருட்டுவதும் ஓடிப் பிடிப்பதுமாகவே அது உலகைக் கற்கிறது. ஆகவே விளையாட்டுப் பொருள் என்பது குழந்தையின் முதற் பாடநூல். பள்ளியைத் தேர்ந்தெடுக்கப் பல மாதம் ஆராயும் நாம், இந்த முதற் பாடநூலை மட்டும் கடைவாயிலில் நின்று இரண்டு நிமிடத்தில் வாங்கிவிடுகிறோம்.

அசோக் நகரில் வாழும் எங்களுக்குத் தியாகராய நகர்க் கடைத்தெரு மிகவும் அண்மையில் உள்ளது. அங்குள்ள பொம்மைக் கடைகளைப் பாருங்கள். பொத்தானை அழுத்தினால் மோட்டார் வண்டி தானே ஓடுகிறது, விளக்கு மின்னுகிறது, பாட்டும் பாடுகிறது. குழந்தை கைகொட்டிச் சிரிக்கிறது. வாங்கிக் கொடுத்தவருக்கும் பெருமகிழ்ச்சி. ஆனால் மறுநாள் அக்குழந்தையைக் கவனியுங்கள். அதே வண்டி, அதே பாட்டு, அதே விளக்கு. புதிதாக ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் வண்டியைக் கவிழ்த்துச் சக்கரத்தைப் பிடுங்கிப் பார்க்கிறது. நாம் "அடங்காப் பிள்ளை" என்று கடிந்து கொள்கிறோம். உண்மையில் அன்றுதான் குழந்தை அந்தப் பொம்மையோடு விளையாடத் தொடங்கியது! அதுவரை பொம்மையே வேலை செய்தது; குழந்தை வேடிக்கை பார்த்தது.

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. எந்தப் பொருள் தான் குறைவாக வேலை செய்து, குழந்தையை மிகுதியாக வேலை செய்யத் தூண்டுகிறதோ, அதுவே நல்ல பரிசு. அத்தகைய பொருளே நெடுநாள் இன்பம் தரும். ஏனெனில் அதிலுள்ள புதுமை பொருளில் இல்லை, குழந்தையின் உள்ளத்தில் இருக்கிறது. குழந்தை வளர வளர விளையாட்டும் வளரும்.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். பிள்ளைத்தமிழ் நூல்களில் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பவை. பெண்பாற் பிள்ளைத்தமிழிலோ கழங்கும் அம்மானையும் ஊசலும் இடம்பெறும். இவற்றுள் ஒன்றேனும் தானே இயங்குவது உண்டா? மணல்வீட்டைக் குழந்தை கட்ட வேண்டும்; பறையைக் கொட்ட வேண்டும்; தேரை உருட்ட வேண்டும்; கழங்கை எறிந்து பிடிக்க வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டி விளையாடிய மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை கூறுகிறது. இன்றும் தச்சர் செய்யும் நடைவண்டிக்கு மூன்று சக்கரங்களே! நடை பழகும் குழந்தை அதைப் பற்றி எழுந்து நிற்கிறது, தள்ளுகிறது, அதன் பின்னே நடக்கிறது. நடை வந்த பின் அதன்மேல் பொம்மையை ஏற்றி ஊர்வலம் விடுகிறது. ஒரே பொருள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பயன்படுகிறது.

மேலைநாட்டுக் கல்வியறிஞரும் இம்முடிவுக்கே வந்தனர். ஜெர்மனி நாட்டில் 1837-இல் சிறு குழந்தைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கிய பிராபெல், பின்னர் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். கிண்டர்கார்ட்டன் என்று உலகெங்கும் வழங்குவது அதுவே. அவர் குழந்தைகளுக்குத் தந்த விளையாட்டுப் பொருள்களுக்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? 'பரிசுகள்' என்பதே! முதற் பரிசு, கம்பளி நூலால் ஆன ஆறு வண்ணப் பந்துகள். மூன்றாம் பரிசு, எட்டுச் சிறு மரக் கனசதுரங்கள். எட்டையும் சேர்த்தால் ஒரு பெரிய கனசதுரம் ஆகும். அதை இரண்டாகப் பிரித்தால் அரை. நான்காகப் பிரித்தால் கால். எட்டாகப் பிரித்தால் அரைக்கால். பின்னக் கணக்கைப் பள்ளியில் சேர்வதற்கு முன்பே கை கற்றுக்கொள்கிறது. அதே எட்டுக் கட்டைகள் நாற்காலியாகும், பாலமாகும், கோயிலாகும். அமெரிக்க நாட்டுப் பெருங் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் சிறுவராயிருந்தபோது அவருடைய தாயார் இப்பரிசுகளை வாங்கிக் கொடுத்தார். அக்கட்டைகளின் வடிவங்கள் தம் விரல்களில் நிலைத்துவிட்டதாக ரைட் முதுமையில் எழுதினார். எட்டுக் கட்டை எத்தனை ஆண்டு உழைத்தது, பார்த்தீர்களா!

இவ்வழியில் மேலும் சென்றவர் இத்தாலி நாட்டு அம்மையார் மரியா மாண்டிசோரி. இவர் நம் சென்னைக்கே வந்தவர். பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, 1939-இல் தம் அறுபத்தொன்பதாம் வயதில் அடையாறு வந்து சேர்ந்தார். சுமார் முந்நூறு பேருக்கு அங்கே பயிற்சி அளித்தார். போரின் காரணமாக 1946 வரை இந்நாட்டிலேயே தங்க நேர்ந்தது. அசோக் நகரிலிருந்து சில கல் தொலைவிலுள்ள அடையாற்றில் நடந்த அந்த வகுப்புகளின் பயன், நாடெங்கும் குழந்தைப் பள்ளிகளாகப் பரவியது. அவர் அமைத்த கருவிகளுள் ஒன்று பத்துக் கனசதுரங்கள் கொண்ட கோபுரம். மிகச் சிறியதன் பக்கம் ஒரு சென்டிமீட்டர். மிகப் பெரியதன் பக்கம் பத்து சென்டிமீட்டர். பெரியதைக் கீழே வைத்து வரிசையாக அடுக்க வேண்டும். வரிசை தவறினால் கோபுரமே தவற்றைக் காட்டிவிடும். ஆசிரியர் திருத்த வேண்டியதில்லை. குழந்தை தானே கண்டு தானே திருத்திக்கொள்ளும். தன் முயற்சியால் ஒன்றைச் செய்து முடித்த குழந்தையின் முகத்தில் தோன்றும் நிறைவு எந்த மின்விளக்கிலும் தோன்றுவதில்லை.

இனி, பொருளின் உறுதியைப் பற்றிச் சிறிது கூறுகிறேன். நெடுநாள் நிற்பதற்கு இரண்டு வேண்டும்: நல்ல பொருள், நல்ல வேலைப்பாடு. கர்நாடகத்தில் சென்னபட்டணம் என்னும் ஊர் உள்ளது. அங்கே வெட்பாலை மரத்தைக் கடைசல் பிடித்து, அரக்கு வண்ணம் ஏற்றிப் பொம்மைகள் செய்கின்றனர். கூர்முனையின்றி வழவழப்பாக அமையும். நம் தஞ்சாவூர்ச் சாய்ந்தாடும் பொம்மையோ அடிப்பாகம் உருண்டு கனத்திருப்பதால் எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடும். 'ஏன் விழவில்லை?' என்று குழந்தை கேட்கும்போது இயற்பியல் பாடம் தொடங்குகிறது! செம்மரத்தாலான மரப்பாச்சிக்குக் கந்தைத் துணியில் ஆடை உடுத்தலாம். மாக்கல்லிலும் மரத்திலும் செய்த செப்புகளில் கற்பனைச் சோறு சமைக்கலாம். இச்செப்பு பெண் குழந்தைக்கே உரியது, வண்டி ஆண் குழந்தைக்கே உரியது என்று பிரித்துவிட வேண்டாம். சமைக்கும் விளையாட்டு ஆணுக்கும் வேண்டும். வண்டி ஓட்டும் விளையாட்டுப் பெண்ணுக்கும் வேண்டும். பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவின்போது மாடவீதிகளைச் சுற்றி வந்தால் இத்தகைய பொருள்களைக் காணலாம். வாங்குவோர் இருந்தால்தான் செய்வோர் இருப்பர் என்பதையும் நினைவிற் கொள்க.

இவ்வாறு கூறுவதால், பிளாஸ்டிக் பொருள் எல்லாம் தீது, மரப்பொருள் எல்லாம் நன்று என்பது கருத்தன்று. டென்மார்க்கு நாட்டுத் தச்சர் ஒருவர் 1932-இல் மர விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். அவர் நிறுவனமே பின்னர் லெகோ என்னும் பிளாஸ்டிக் கட்டைகளை ஆக்கியது. 1958-இல் செய்த கட்டை இன்று செய்யும் கட்டையோடு சரியாகப் பொருந்துகிறது. தாத்தாவின் கட்டையும் பேரனின் கட்டையும் ஒரே வீடாக எழலாம். நிலைப்பு என்பது இதுவன்றோ!

அடுத்து, வயது. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குக் கிலுகிலுப்பையும் துணிப்பந்தும் போதும். ஒன்று முதல் மூன்று வயது வரை தள்ளுவது, இழுப்பது, அடுக்குவது, ஒன்றனுள் ஒன்றை இடுவது. மூன்று முதல் ஆறு வரை கட்டைகள், செப்பு, வண்ணக்கோல், களிமண், படக்கதைப் புத்தகம். ஐந்தாறு வயது கடந்தவர்க்குப் பல்லாங்குழி, பம்பரம், தாயம். பல்லாங்குழியில் புளியங்கொட்டைகளைப் பதினான்கு குழிகளில் இட்டு எண்ணி எடுக்கும் குழந்தைக்குக் கூட்டலும் கழித்தலும் தனியே சொல்லித்தர வேண்டுமா?

வயதறிந்து கொடுக்காவிடில் பரிசே பகையாகும். மூன்று வயதிற்குட்பட்ட குழந்தை எதையும் வாயிலிடும். சுமார் 32 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குழாயினுள் அடங்கிவிடும் பொருள் எதையும் அதன் கையில் கொடுத்தல் ஆகாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். சோழியும் புளியங்கொட்டையும் கோலிக்குண்டும் இவ்வகையின. அவற்றினும் கொடியது பொத்தான் வடிவ மின்கலம். விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாயில் அது சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் கடும் புண்ணை உண்டாக்கிவிடும். மின்கலம் உள்ள பொம்மையாயின், திருகாணி இட்டு மூடிய அறை உண்டா என்று பார்த்தே வாங்குங்கள். 2021 ஜனவரி முதல் பதினான்கு வயதிற்குட்பட்டோரின் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை நம் நாட்டில் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பதிவுபெற்ற கைவினைஞர் செய்யும் பொருள்களுக்கு விலக்கு உண்டு. அவற்றை வாங்கும்போது சிம்பு இருக்கிறதா, வண்ணம் உதிர்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள்.

மற்றொன்று, எண்ணிக்கை. பொம்மை மிகுந்தால் விளையாட்டு மிகும் என்று எண்ணுவது இயல்பு. அமெரிக்காவில் டொலீடோ பல்கலைக்கழகத்தார் 36 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதை மறுத்தது. பதினாறு பொம்மைகள் வைத்த அறையில் குழந்தைகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவின. நான்கே வைத்தபோது ஒவ்வொன்றோடும் நெடுநேரம், பலவகையாக விளையாடின. ஆதலால் உறவினர் நால்வர் சேர்ந்து ஒரு நல்ல பொருளை வாங்குவது, நால்வரும் நான்கு மலிவுப் பொருள் வாங்குவதினும் சிறந்தது.

கையில் பணம் இல்லாத மாணவன் என் செய்வது? செய்து கொடுக்கலாம்! தச்சுப் பட்டறையில் கழிக்கும் மரத்துண்டுகளை எட்டுச் சம கனசதுரங்களாக அறுத்து வாங்குங்கள். பக்கம் இரண்டு அங்குலத்திற்குக் குறைய வேண்டாம். உப்புத்தாளால் முனை மழுங்கத் தேய்த்துத் துடைத்துவிட்டால் பிராபெலின் மூன்றாம் பரிசு உங்கள் வீட்டில்! கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் பயின்ற அரவிந்த் குப்தா என்பவர் தீக்குச்சியும் சைக்கிள் வால்வுக் குழாயும் பழைய தாளும் கொண்டு நூற்றுக்கணக்கான அறிவியல் விளையாட்டுப் பொருள்களைச் செய்து காட்டியவர். குப்பையே அவருக்குக் கடை. அப்பணிக்காக 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அண்ணன் கையால் செய்த பொம்மையின் பெருமை கடையில் கிடைப்பதன்று. செய்யும்போது அருகில் குழந்தையை அமர்த்திக்கொண்டால் பரிசு இரட்டிப்பாகும்.

இங்கே ஒன்றை அழுத்தமாகக் கூற விரும்புகிறேன். இந்நாளில் அழும் குழந்தைக்கு நாம் கொடுக்கும் முதற் பரிசு கைப்பேசி. அது எல்லாப் பொம்மைகளையும் வென்றுவிட்டது. நாம் முன்னர்க் கண்ட அளவுகோலை அதற்கு இட்டுப் பாருங்கள். முழு வேலையையும் அதுவே செய்கிறது; குழந்தைக்கு விரலசைவு ஒன்றே மிச்சம். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. ஆனால் கைப்பேசியைப் பிடுங்கினால் மட்டும் போதுமா? பிடுங்கிய கைக்கு வேறொன்று கொடுக்க வேண்டாமா? அசோக் நகர் போன்ற இடங்களில் அடுக்குமாடி வீடுகளில் வாழும் குழந்தைக்கு முற்றமும் இல்லை, மணலும் இல்லை. தெருவில் இறங்கினால் வாகனங்கள். அக்குழந்தைக்கு வீட்டின் மூலையில் ஒரு பாயளவு இடமும், நான்கு நல்ல பொருள்களும், உடன் அமர ஒருவரும் வேண்டும்.

அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். பந்து எறிபவர் இல்லாமல் பந்து என்ன செய்யும்? படித்துக் காட்டுபவர் இல்லாமல் படக்கதை என்ன செய்யும்? விடுமுறையில் நாள்தோறும் அரைமணி நேரம் உங்கள் தம்பி தங்கையரோடு தரையில் அமருங்கள். வாரத்தில் ஒரு நாள் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதிக்கோ, உங்கள் ஊர்க் கிளை நூலகத்திற்கோ அழைத்துச் செல்லுங்கள். விலையில்லாத பரிசுகள் இவை.

ஆகவே மாணவச் செல்வங்களே, அடுத்த முறை பொம்மைக் கடையில் நிற்கும்போது 'இது என்ன செய்யும்?' என்று கடைக்காரரைக் கேட்காதீர்கள். 'இதைக் கொண்டு குழந்தை என்ன செய்யும்?' என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே விடை தோன்றினால் அங்கேயே வைத்துவிடுங்கள். பத்து விடை தோன்றினால் தயங்காமல் வாங்குங்கள். உடையாமல் நிற்பது பொருளுக்கு அழகு. சலியாமல் நிற்பது விளையாட்டுக்கு அழகு. இரண்டும் பொருந்திய பரிசைத் தேர்ந்து கொடுப்பது, மூத்தவராகிய உங்களுக்கு அழகு.