மணப்பாட்டுக் கரையில் பள்ளி மணி



திருச்செந்தூரில் உவரி வழியாகத் தெற்கே போகும் பேருந்து ஒன்றில் ஏறி, இடப்பக்க ஜன்னலோரமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். ஊர் முடிந்த கொஞ்ச நேரத்தில் ஆலந்தலை வரும். அடுத்து குலசேகரன்பட்டினம். அதையும் தாண்டினால் சாலைக்கு வலப்புறம் பனங்காடும் சிவந்த தேரி மண்ணும், இடப்புறம் மரங்களுக்கு இடையே கடலும் தெரியும். திருச்செந்தூரிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் போனால் மணப்பாடு. கடலை ஒட்டி நிற்கும் மணல் குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில் இருக்கிறது. 1581-இல் எழுந்த கோயில். அடிவாரத்தில், கடலைப் பார்த்தபடி, புனித சவேரியார் தங்கியிருந்த குகை. வருகிறவர்களில் பலர் இந்த இரண்டையும் பார்த்து, ஆற்றுமுகத்தில் நின்று படம் எடுத்து, அடுத்த வண்டியில் திரும்பிவிடுகிறார்கள். குன்றைவிட்டு இறங்கி, வீட்டுத் திண்ணைகள் வரிசையாக நிற்கும் தெருவுக்குள் இன்று உங்களை அழைத்துப் போகிறேன். காலை எட்டு மணிக்கே பிள்ளைகள் சத்தம் கேட்கிற இடம் அங்கே ஒன்று இருக்கிறது. ஆர்.சி. தொடக்கப் பள்ளி.

தூத்துக்குடியிலிருந்து உவரி வரை இந்தக் கடற்கரையில் கோயில் கோபுரம் தெரிகிற ஊர்களில், அதன் பக்கத்திலேயே பெரும்பாலும் இப்படி ஒரு பள்ளியைப் பார்க்கலாம். நான் இன்று சொல்லப் போவது மணப்பாட்டை நடுவில் வைத்து, இந்தக் கரைப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற செய்தி.

இங்கே பள்ளிக்கூடம் தொடங்கிய கதை கட்டடத்துக்கு முந்தியது. 1542-இல் சவேரியார் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துகீசியமும் தெரிந்தவர்கள் சிலரைக் கூட்டிவைத்துச் செபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, அவற்றை மனப்பாடம் செய்தார். பிறகு கையில் ஒரு மணியோடு தெருத்தெருவாக நடந்தார். மணிச் சத்தம் கேட்டு வந்த சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் நாளைக்கு இருமுறை சொல்லிக்கொடுத்தார். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து தம் சபையாருக்கு எழுதிய கடிதத்தில் இதை அவரே விவரித்திருக்கிறார். பிள்ளைகள் தாங்கள் கற்றதை வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவுக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அவர் செய்த ஏற்பாடு. நோயாளிகள் வீட்டுக்குத் தம்மால் போக முடியாத நாள்களில் அந்தப் பிள்ளைகளையே அனுப்பினார்.

அவருக்குப் பின் வந்த அன்றீக் அடிகளார் தமிழை முறையாகவே படித்தார். 1578-இல் கொல்லத்தில் அவர் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கமுள்ள சிறு நூல். இந்திய மண்ணில் இந்திய மொழி எழுத்தில் அச்சான முதல் நூல் அதுதான். அந்த அச்சு வேலைக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் இந்தக் கரையின் மீனவர்களும் முத்துக்குளிப்பவர்களும். நேயர்களே, இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்துக்குக் காசு கொடுப்பது இந்த ஊர்களுக்கு நேற்று வந்த பழக்கம் இல்லை.

சரி, பள்ளிக்குள் போவோம்.

எட்டு மணிக்கு வாசல் கதவு திறக்கிறது. அந்த நேரத்தில் சில வீடுகளில் அப்பா கடலிலிருந்து திரும்பியிருக்க மாட்டார். வள்ளம் வந்திருந்தால் அம்மா மீன் ஏலத்துக்குக் கரையில் நிற்பார். பிள்ளையின் தலையைச் சீவிவிட்டு அனுப்புவது ஆச்சியின் வேலை. முன்பெல்லாம் இப்படி வருகிற பிள்ளைகளில் எத்தனையோ பேர் ஒரு டம்ளர் கடுங்காப்பியோடு வந்து, பதினோரு மணிக்குள் சோர்ந்து பெஞ்சில் சாய்ந்துவிடுவார்கள் என்று ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது காலைச் சிற்றுண்டி பள்ளியிலேயே. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், முதலில் அரசுப் பள்ளிகளுக்கு மட்டும்தான் இருந்தது. ஊரகப் பகுதிகளில் உள்ள அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு அது விரிந்தது 2024 ஜூலை 15 அன்று. அந்தத் தொடக்க விழா நடந்த இடமும் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிதான்: திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரி புனித அன்னாள் பள்ளி. மறு ஆண்டு ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் திட்டம் வந்தபோது, மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில் அதைத் தொடங்கினார்கள்.

பிள்ளைகள் வராந்தாவில் இரண்டு வரிசையாக உட்கார்கிறார்கள். சமைத்த அக்கா தட்டில் கொஞ்சம் போட்டுத் தலைமையாசிரியை சிஸ்டரிடம் கொடுக்க, அவர் வாயில் போட்டுப் பார்த்த பிறகுதான் பரிமாறுகிறார்கள். நான் போன அன்றைக்கு ரவைக் கிச்சடி, சாம்பார். ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேரட்டை மட்டும் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டே வருகிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐந்தாம் வகுப்பு அண்ணன் அதைக் கவனித்துவிட்டான். “ஏ பிள்ள, அதத் தின்னாத்தான் சாம்பாரு ஊத்துவாங்க” என்றான். அப்படி ஒரு சட்டமும் கிடையாது. ஆனாலும் அவள் ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தின்று முடித்தாள். அவன் எழுந்துபோய் அவளுக்குச் சாம்பார் வாங்கி வந்தான். அவர்கள் அண்ணன் தங்கை இல்லை, வேறு வேறு தெரு. பெரிய வகுப்புப் பிள்ளை ஒருவர் சின்ன வகுப்புப் பிள்ளை ஒருவருக்குப் பொறுப்பு என்பது அந்தப் பள்ளியின் வழக்கம் என்று பிறகு சிஸ்டர் சொன்னார். பிள்ளையைக் கொண்டே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது இந்தக் கரைக்கு எத்தனை பழைய முறை என்று யோசித்துப் பாருங்கள்.

மணி அடிக்கிறது. தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு குறளும் பொருளும், அன்றைய செய்தி, பிறகு ஒரு சிறு செபம். ஆடி மாதமானால் தென்மேற்கிலிருந்து வீசுகிற காற்றில் மணல் பறந்து வகுப்பறைக்குள் வந்து விழுந்துகொண்டே இருக்கும். மூலையில் எப்போதும் ஓர் ஈர்க்குமாறு தயாராக இருக்கிறது. கூட்டி அள்ளிய மணலைப் பிள்ளைகளே வெளியே கொண்டுபோய்ப் பூவரச மரத்தடியில் கொட்டுகிறார்கள்.

ஆர்.சி. பள்ளி என்றதும், கிறிஸ்தவப் பிள்ளைகள் மட்டும்தான் படிப்பார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் பங்குத்தந்தையே பெரும்பாலும் பள்ளியின் தாளாளர். கட்டடம் கோயிலுடையது. ஆசிரியர் சம்பளம் அரசு தருவது. பாடநூலும் அரசு தருவதுதான். பக்கத்து ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளில் இந்துக்கள் உண்டு, முஸ்லிம்கள் உண்டு. குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேடம் கட்டுகிற வீட்டுப் பிள்ளையும், பீடச்சிறுவனாகப் பூசையில் நிற்கிற பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வாய்ப்பாட்டைச் சொல்கிறார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பு நடக்கிற நேரத்தில் மற்றவர்களுக்கு நீதிபோதனை. உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் சமய வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. இங்கே யாரும் சட்டப் புத்தகத்தைப் பார்த்து இதைச் செய்யவில்லை. தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது.

வருகிற நாள்களில் இந்தப் பள்ளிகளில் என்னென்ன நடக்கும் என்று கேட்பீர்கள். இரண்டு நாள்காட்டிகள் இங்கே ஒன்றாகச் சேர்ந்து ஓடுகின்றன. ஒன்று கல்வித்துறையுடையது, மற்றது கோயிலுடையது. முதலில் ஜூலை 15, காமராசர் பிறந்த நாள், கல்வி வளர்ச்சி நாள். நான் போனபோது அதற்கான ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தோளில் துண்டோடு நின்று, மதிய உணவுத் திட்டம் பற்றி உரக்கப் பேசினான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டே பேசி முடித்துவிட்டான். டீச்சர் கைதட்டினார். “அப்படியே வச்சிக்கல மக்கா, நல்லாத்தான் இருக்கு” என்றார்.

ஜூலை 26 அன்று தூத்துக்குடி பனிமய மாதா கோயிலில் கொடியேற்றம். ஆகஸ்ட் 5 திருவிழா. அந்தப் பதினொரு நாளும் இந்தக் கரை முழுவதும் பிள்ளைகளுக்கு வேறு பேச்சே கிடையாது. யார் வீட்டில் எந்த நாள் போகிறார்கள், ராட்டினம் வந்துவிட்டதா என்பதுதான் இடைவேளைப் பேச்சு. ஆகஸ்ட் 15 இங்கே இரட்டை விழா. காலையில் தேசியக் கொடி ஏற்றம், அன்றே மாதா விண்ணேற்புத் திருநாள் பூசை. கொடியேற்றி முடித்து வாங்கிய மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டே கோயிலுக்கு ஓடுகிற பிள்ளைகளைப் பார்க்கலாம். செப்டம்பர் 5 ஆசிரியர் நாள், 8 மாதா பிறந்த நாள்.

மணப்பாட்டுக்குப் பெரிய நாள் செப்டம்பர் 14, திருச்சிலுவை மகிமைப் பெருவிழா. புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்த போர்த்துகீசியக் கப்பல் ஒன்று தப்பிக் கரை சேர்ந்ததாகவும், அந்த மரத்திலேயே சிலுவை செய்து குன்றில் நட்டதாகவும், இந்தத் தலத்தின் தொடக்கம் அதுதான் என்றும் ஊரார் சொல்வார்கள். சென்னை, மும்பை, வளைகுடா நாடுகள் என்று பிழைக்கப் போனவர்களும், கப்பலில் வேலை பார்ப்பவர்களும் அந்த நாளுக்கு ஊர் திரும்ப முயல்கிறார்கள். பூட்டிக் கிடந்த பெரிய வீடுகள் திறக்கும். இலங்கையோடு வணிகம் செழித்த காலத்தில் கட்டிய, தூணும் மாடமுமாக நிற்கிற வீடுகள் அவை. பவனியில் வெள்ளுடுப்போடு பூ தூவிப் போகிறவர்கள் இந்தத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள்தான். தலைமையாசிரியைக்கு அதில் ஒரு கவலையும் உண்டு. திருவிழா முடிந்த கையோடு காலாண்டுத் தேர்வு வந்து நிற்கும். “பாட்டுப் பயிற்சிக்கு அனுப்புறதா, பாடத்துக்கு உக்கார வைக்கிறதான்னு வருசா வருசம் பங்குச்சாமிகூட எனக்கு ஒரு பேச்சுவார்த்தை உண்டு” என்று சிரித்தார். கடைசியில் இருவரும் ஒத்துக்கொள்வது ஒன்றுதான்: மூன்றரை மணிக்குப் பிறகு பாட்டு, அதுவரை படிப்பு.

அதற்குப் பிறகு நவம்பர் 14 குழந்தைகள் தினம், டிசம்பர் 3 சவேரியார் திருநாள், பிறகு குடில் கட்டுகிற பருவம். குடிலுக்கு வைக்கோல் தேட வேண்டியதில்லை. மணப்பாட்டுப் பெண்கள் பனை ஓலையில் பெட்டியும் கூடையும் முடைவதில் பேர்பெற்றவர்கள். மிஞ்சிய ஓலை நறுக்குகளே குடிலுக்குக் கூரையாகின்றன.

இனி, மனத்தை உறுத்துகிற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். காலையில் அதே தெருவில் இரண்டு மூன்று மஞ்சள் வேன்கள் வந்து நிற்கின்றன. டவுனில் உள்ள ஆங்கிலவழிப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற வேன்கள். நல்ல படிப்பு வேண்டும் என்று நினைக்கிற பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் விளைவு என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது கணக்கு. 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள். ஐந்து வகுப்பையும் அந்த இருவர்தான் பார்க்க வேண்டும். பிள்ளைகள் எண்ணிக்கை குறையக் குறைய ஆசிரியர் பணியிடமும் போய்விடுகிறது. ஆசிரியர் குறைந்ததைப் பார்த்து அடுத்த ஆண்டு இன்னும் சில பிள்ளைகள் வேன் ஏறுகிறார்கள். பள்ளிகள் இப்படித்தான் மெல்ல மெல்ல இளைக்கின்றன.

அந்த வேனில் பிள்ளைக்குக் கிடைக்காதது எது என்று கேட்டால், நான் பார்த்த ஓர் ஆச்சியைச் சொல்வேன். பேத்தியை அழைத்துப் போக மாலையில் பள்ளி வாசலில் நின்றவர். பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் போடத் தெரியும். இவதான் ராத்திரி உக்கார வச்சி எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் குடுக்கா. சங்கக் கணக்குல நான் எவ்வளவு வாங்கிருக்கேன்னு இப்ப நானே பாத்துக்கிடுதேன்” என்றார். மகளிர் குழுவின் கடன் புத்தகத்தை மடியிலிருந்து எடுத்து விரித்தும் காட்டினார். பேத்தி தமிழில் படிப்பதால்தான் ஆச்சிக்குச் சொல்லிக்கொடுக்க முடிகிறது. தாய்மொழிவழிப் பள்ளி ஓர் ஊரில் இருப்பதற்கு இதைவிடப் பெரிய நியாயம் எனக்குத் தெரியவில்லை.

இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், குலசேகரன்பட்டினத்தில், இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். ஏவும் நாள்களில் கடலுக்குப் போகத் தடை வருமா என்ற கவலை பெரியவர்களுக்கு. பிள்ளைகளோ சிலேட்டிலும் நோட்டிலும் ராக்கெட் வரைந்து தள்ளுகிறார்கள். நான்காம் வகுப்பில் ஒருத்தி, ராக்கெட் மேலே போகும்போது புகை ஏன் கீழே வருகிறது என்று கேட்டாளாம். டீச்சர் ஒரு பலூனை ஊதிக் காற்றோடு விட்டு விளக்கியிருக்கிறார். இப்படிக் கேள்வி கேட்கிற பிள்ளைகளுக்கு வாசிக்கப் புத்தகம் வேண்டும். நான் பார்த்த அந்தப் பள்ளியில் ஒரே ஒரு மர அலமாரி. அதில் பாதி இடம் பழைய தேர்வுத் தாள்களுக்குப் போய்விட்டது.

ஆகவே, இந்தக் கரையில் பிறந்து வெளியூரில் இருக்கிற நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். பனிமய மாதா திருவிழாவுக்கோ, செப்டம்பர் 14-க்கோ ஊருக்கு வரும்போது, நீங்கள் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பள்ளிக்கு ஒரு வேலை நாளில் போய் வாருங்கள். கையில் நாலைந்து தமிழ்ச் சிறுவர் நூல்களை எடுத்துப் போங்கள். தலைமையாசிரியையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், பிள்ளைகளோடு அரைமணி நேரம் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பற்றிப் பேசவும் இடம் தருவார்கள். வெளியூர்க்காரர்கள் குன்றையும் குகையையும் பார்க்க வந்தால், பள்ளிக்குள் போக அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள், பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். புத்தகத்தை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டில் ஐந்து வயது முடிந்த பிள்ளை இருந்தால், ஒன்றாம் வகுப்பில் சேர்க்க இந்தப் பள்ளிக்கும் போய்ப் பாருங்கள்.