கணக்கு எழுத மறுத்தவர்கள்: விருத்தாசலம், 1429



வரலாறு, உரிமை, அதிகாரம் என்று பேச வந்தால் பிரெஞ்சுப் புரட்சியில் தொடங்குவது நம் மேடை வழக்கம். விருத்தாசலத்தில் நின்றுகொண்டு அவ்வளவு தொலைவு போகத் தேவையில்லை. செம்பியன் மாதேவியார் பத்தாம் நூற்றாண்டில் கற்றளியாக எடுப்பித்த நம் பழமலைநாதர் கோயிலில் 1429-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக்கு 360 ஆண்டுகள் மூத்தது. இன்றைய பேச்சு முழுவதும் அதைப் பற்றித்தான்.

அப்போது விஜயநகரத்தில் இரண்டாம் தேவராயர் ஆட்சி. வலங்கை 98, இடங்கை 98 என்று தம்மைச் சொல்லிக்கொண்ட சாதியார் ஒன்றுகூடி எடுத்த முடிவை அந்தக் கல்வெட்டு பதிவுசெய்கிறது. அரசனுடைய அதிகாரிகளான இராசகரத்தாரும் சீவிதம் பெற்றவர்களும் எங்களை வருத்துகிறார்கள். நிலவுடைமையாளரான காணியாளரும் பிராமணரும் அவர்களோடு சேர்ந்து வரி பறிக்கிறார்கள். இனி இவர்களுக்கு நம்மில் யாரும் புகலிடம் தரக்கூடாது, இவர்கள் சொல்லுக்கு இணங்கக்கூடாது, இந்த நாட்டில் பிறந்த எவனும் இவர்களுக்குக் கணக்கு எழுதக்கூடாது. மீறியவன் நாட்டுத் துரோகி. அவனைக் குத்திவிட வேண்டும். கல்வெட்டின் சாரம் இதுதான்.

கணக்கு எழுதக்கூடாது என்ற அந்த முடிவில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு பேரரசு குதிரைப் படையோடு நாட்டுக்குள் வந்துவிடலாம். ஆனால் எந்த வயல் எத்தனை மா, நஞ்சையா புஞ்சையா, யார் பெயரில் இருக்கிறது, போன போகம் எவ்வளவு கண்டது என்பதெல்லாம் ஊர்க் கணக்கனின் ஓலையில்தான் இருந்தது. எழுத்தாணியை அவன் கீழே வைத்துவிட்டால், வெளியிலிருந்து வந்த அதிகாரிக்கு எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்பதே தெரியாது. வாளுக்கு வாள் நீட்டி அவர்கள் நிற்கவில்லை. அதிகாரத்தின் உயிர்நாடி எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடித்து அங்கே கைவைத்தார்கள். நம் ஊர்ப் பீங்கான் பொம்மைப் பட்டறையில் துண்டுக்கூலிக்கு வேலை செய்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நாள் முடிவில் எண்ணிக்கையை நோட்டில் குறிப்பது யார் என்பதில்தானே கூலியே இருக்கிறது!

இது ஓர் ஊரின் கோபமும் அன்று. வெள்ளாற்றங்கரை ஆடுதுறையிலும், காவிரிப் பகுதியில் திருவைகாவூரிலும் கொறுக்கையிலும் அதே 1429-இல் இதே குரல் கல்லில் ஏறியிருக்கிறது. கொறுக்கைக் கல்வெட்டு என்னை மிகவும் உலுக்கியது. விளைச்சலைப் பார்க்காமல் வரி போட்டார்கள், ஊரைவிட்டு ஓடிவிடலாம் என்றிருந்தோம், மண்டலம் முழுவதும் ஒன்றாக இல்லாததால்தான் நமக்கு இந்த அநியாயம் நடந்தது என்று அப்போது உணர்ந்தோம் என்கிறார்கள் அந்த மக்கள். விளைச்சலுக்கு ஏற்ற நியாயமான வரியைத் தருவோம், முறையற்றதைத் தரமாட்டோம் என்று முடிக்கிறார்கள். கருணை காட்டச் சொல்லும் விண்ணப்பம் இல்லை அது. எது முறை என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் தங்களையே வைத்துப் பேசுகிறார்கள்.

இதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. வலங்கை, இடங்கை என்பவை ஊர் எல்லைகளைத் தாண்டி மக்களைத் திரட்டிய அமைப்புகள் என்றும், வலங்கை உழவு சார்ந்தது, இடங்கை வணிகமும் கைத்தொழிலும் சார்ந்தது என்றும் பர்ட்டன் ஸ்டெய்ன் பார்த்தார். ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் நம் எ. சுப்பராயலுவும் 1983-இல் எழுதிய கட்டுரையில் நிலவுடைமையில் ஏற்பட்ட மாற்றத்தை முன்னே வைத்தார்கள். காணியாளருக்கும் அரசு அதிகாரிக்கும் எதிராக நேரடியாக உழைத்தவர்கள் எழுந்த சமூக மோதல் என்பது அவர்கள் வாசிப்பு. நான் பின்னவர்கள் பக்கம். கல்வெட்டே எதிரியை அடையாளம் காட்டும்போது, காணியாளரை அரசோடு சேர்த்துச் சொல்லும்போது, அதை வெறும் சாதித் திரட்டலாகச் சுருக்க என் மனம் ஒப்பவில்லை.

ஆனாலும் இதை முழுப் பொற்காலமாகக் கொண்டாட முடியாது. 98 என்பது மரபுத்தொகை. அதற்குள் யாருக்கெல்லாம் இடம் இருந்தது, சேரியில் வாழ்ந்து வயலில் இறங்கியவன் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தானா, வாசலில் நின்றானா என்ற கேள்வியை நாம் விடக்கூடாது. 1429-இல் கைகோத்த இதே வலங்கையும் இடங்கையும் 1707-இல் சென்னைக் கருப்பர் நகரத்தில் எந்தத் தெரு யாருடையது, யார் ஊர்வலம் எங்கே போகலாம் என்று மோதிக்கொண்டு, ஆளுநர் தாமஸ் பிட்டிடம் தீர்ப்புக்குப் போய் நின்றன. சாதியின் பெயரால் கூடியவர்கள் சாதியின் பெயராலேயே பிரிந்தார்கள்.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். இந்த மண்ணில் நடந்த ஒரு சாதிக் கொலையைச் சொல்லாமல் இந்த உரையை முடிக்க எனக்கு மனமில்லை.

விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டை. 2003 ஜூலை 8. கண்ணகி வன்னியர் வீட்டுப் பெண், முருகேசன் தலித் இளைஞர். காதலித்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதற்காக இருவருக்கும் நஞ்சு ஊற்றிக் கொன்று உடல்களை எரித்தார்கள். காவல் துறை உடனே வழக்குப் பதியவில்லை. பதிந்தபோது மகனைப் பறிகொடுத்த குடும்பத்தாரையே குற்றவாளிகளாகச் சேர்த்து எழுதியது. நடந்தது கொலை, எழுதப்பட்டது வேறு. வழக்கு சிபிஐக்குப் போய், 2021-இல் கடலூர் நீதிமன்றம் 13 பேருக்குத் தண்டனை வழங்கியது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளியது. பொய்யாக வழக்கைப் புனைந்த காவல் அதிகாரிகள் இருவரின் தண்டனையும் அதில் அடங்கும். கொன்றவர்களோடு பொய்யை எழுதியவர்களும் தண்டிக்கப்பட்டார்கள். இதற்கு 22 ஆண்டுகள் ஆயின. அத்தனை ஆண்டும் முருகேசனின் பெற்றோர் நீதிமன்றப் படி ஏறினார்கள்.

அநியாயத்துக்குக் கணக்கு எழுதாதே என்று 1429-இல் கல்லில் வெட்டிய அதே ஊர்ப்பக்கத்தில்தான், அநியாயத்தை மூடி எழுத அரசாங்கப் பேனாவும் கிடைத்தது. அதனால் அரசு வேலைக்குப் போகவிருக்கும் இளைஞர்களிடம், குறிப்பாகக் காவல் நிலையத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் எழுதப்போகிறவர்களிடம், இந்தக் கல்வெட்டைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஐந்து கோபுரம், ஐந்து தீர்த்தம் என்று நம் கோயிலில் எல்லாம் ஐந்தைந்தாக இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். 1429-ஐயும் காட்டுவோம். பீங்கான் கல்லூரி மாணவர்கள் அந்த வாசகத்தையும் இன்றைய தமிழில் அதன் பொருளையும் பீங்கான் பலகையில் எழுதி, நம் ஊர்ச் சூளையிலேயே சுட்டெடுத்து ஊர் நூலகத்தில் பதிக்கட்டும். பக்கத்திலேயே இன்னொரு பலகையில் 2025 தீர்ப்பின் சுருக்கம் இருக்கட்டும். இரண்டாவது பலகை வேண்டாம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேச நான் எப்போது வேண்டுமானாலும் வருகிறேன்.