கடலூரில் முடிந்த அமெரிக்கப் போர்



அமெரிக்க விடுதலைப் போரையொட்டிய இறுதிப் பெருஞ்சமர் நிகழ்ந்தது அமெரிக்காவிலன்று, கடலூரில்!

1776 சூலை 4 அன்று பதின்மூன்று குடியேற்றங்கள் தம் விடுதலையை அறிவித்தன. 1778-இல் பிரெஞ்சியர் அவற்றுக்குத் துணையாயினர். உடனே ஆங்கிலர் இங்கே புதுச்சேரியைப் பற்றினர். மறு ஆண்டு, ஐதரலியின் காப்பிலிருந்த மாகியையும் பறித்தனர். வெகுண்ட ஐதரலி 1780-இல் படையெடுத்தார். 1781 சூனில் தில்லைக் கோயிலே கோட்டையாயிற்று. அதனைத் தாக்கிய ஆங்கிலப்படை தோற்றுத் திரும்பிற்று. 1782-இல் கடலூர் பிரெஞ்சியர் கைப்பட்டது. 1783 சூனில் ஆங்கிலர் அதனை முற்றுகையிட்டனர். 20ஆம் நாள் கடலிலும் போர் மூண்டது. அத்துணைக் குருதியும் வீண்! ஐரோப்பாவில் சனவரியிலேயே அமைதி உடன்பாடு கையெழுத்தாகியிருந்தது. செய்தி இங்கு வந்துசேர ஐந்து திங்களாயிற்று.

பாரிசுப் பேச்சில் பிராங்களினும் ஆடம்சும் தம் மக்களின் பேராளராய் அமர்ந்தனர். தம் நாட்டை ஆங்கிலரே ஒப்புமாறு செய்தனர். கடலூருக்கோ பேராளர் எவருமிலர். அது மீண்டும் ஆங்கிலர்க்கே அளிக்கப்பட்டது. 1787-இல் அமெரிக்கர் தமக்கென அரசியல் யாப்பு வகுத்தனர். அவ்வவையிலும் இடம்பெறாத கருப்பின மக்கள் அடிமைகளாகவே விடப்பட்டனர்.

அவையில் தனக்கெனக் குரலில்லாத மக்களின் மண்ணைப் பிறரே பங்கிடுவர். கடலூர்க் கரை கற்பிக்கும் பாடம் இதுவே!