தாருக்கும் மண்ணுக்கும் நடுவே நாலு விரல்

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பொறியாளர் அவர்களே, வாசலில் சைக்கிள் நிறுத்த இடமில்லாமல் வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

சைக்கிளைப் பற்றிப் பேச நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்குத் தனி உரிமை உண்டு. 1991இல் இங்கே அறிவொளி எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கச் செய்தார். கல் குவாரியில் உழைத்த பெண்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் புழுதியில் விழுந்து எழுந்து ஓட்டப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். முன்பாரில் பிள்ளையை உட்காரவைக்க வசதி, இதுவே மேல் என்றவர்களும் உண்டு. பத்திரிகையாளர் சாய்நாத் வந்து பார்த்து இதை நாடறிய எழுதினார்.

என் அக்காவும் அப்படிப் பழகியவர்தான். நான் வாடகைக் கடை வண்டியில் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டிருந்த தெருவில், என்னை முந்திக்கொண்டு போனவர்.

அந்த அக்காவின் பேத்திக்குப் பதினொன்றாம் வகுப்பில் அரசு சைக்கிள் கிடைத்தது. இரண்டு வாரம் ஓட்டினாள். இப்போது அதன் ஹேண்டில்பாரில் ஈரத்துணி காய்கிறது. ஏனம்மா என்றேன். “பஸ் வந்தா எறங்கணும் தாத்தா” என்றாள். எனக்கு விளங்கவில்லை. மறுநாள் அதே வண்டியை எடுத்துக்கொண்டு அவள் போகும் வழியில் நானே போனேன்.

விளங்கிவிட்டது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, சாலை உயர்ந்துகொண்டே போயிருக்கிறது. ஓரத்து மண் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நடுவே நாலு விரல் உயரத்துக்கு ஒரு படி. பின்னால் ஏர்ஹாரன் அலறினால் அந்தப் படியிலிருந்து சரளையில் இறங்கவேண்டும். பஸ் போனபின் ஏறவேண்டும். சாய்வாக ஏற்றினால் முன்சக்கரம் விளிம்பில் உரசி வழுக்கும். நான் விழுந்தேன். இந்த முழங்கைக் கட்டு அந்த வகையில் வந்ததுதான், சர்க்கரைப் புண் என்று யாரும் கவலைப்படவேண்டாம்.

சைக்கிள் நாடு என்றதும் நெதர்லாந்தைச் சொல்கிறோம். அவர்களும் தெருவைக் காருக்குத் தாரைவார்த்தவர்கள்தான். 1971இல் மட்டும் சாலையில் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள்; 400க்கு மேல் குழந்தைகள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற பெயரிலேயே இயக்கம் கண்டு பெற்றோர் தெருவுக்கு வந்தார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அதன்பிறகுதான் சைக்கிள் பாதைகள் பெருகின.

நம் ஊரிலோ, ஒரு காலத்தில் டைனமோ விளக்கு எரியாவிட்டால் போலீஸ்காரர் நிறுத்துவார். டபுள்ஸ் போனாலும் நிறுத்துவார். இன்று எந்தப் போலீஸ்காரரும் சைக்கிளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அபராதம் போடக்கூட நாம் கணக்கில் இல்லை!

நான் பச்சை வண்ணம் அடித்த தனிப்பாதை கேட்கவில்லை. அடுத்தமுறை தார் போடுமுன் பழையதைச் சுரண்டுங்கள். ஓரத்தில் மண் அணைத்து மட்டமாக்குங்கள். மழைநீர்க் கம்பிமூடியின் கம்பிகளைச் சாலைக்குக் குறுக்காக வையுங்கள். நீளவாக்கில் வைத்தால் டயர் உள்ளே இறங்கிவிடும். பள்ளி வாசலில் பஸ்ஸின் வேகத்தைக் குறையுங்கள்.

பொறியாளர் அவர்களே, வரும் திங்கள் காலை எட்டரைக்குப் பள்ளி வாசலுக்கு வாருங்கள். பேத்தியின் சைக்கிளுக்குக் காற்றடித்துத் துடைத்து வைக்கிறேன். நீங்கள் ஓட்டுங்கள், நான் பின்னால் வாடகை வண்டியில் வருகிறேன். ஏர்ஹாரன் அடிக்க ஆள் ஏற்பாடு செய்யவேண்டியதில்லை, அது தானாகவே வரும்.