ஓய்வுக் காலத்தில் குடியிருப்பது எங்கே?

(நம் பங்கின் பொன்விழாவை ஒட்டி நடந்த மூத்தோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாக் குழுவினர் நம்மை அணுகி, "மூத்தோர் கூட்டத்தில் செபத்தைப் பற்றியோ பொறுமையைப் பற்றியோ பேசுங்கள், சாமி" என்று கேட்டுக்கொண்டார்கள். செபத்தைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. மழையானாலும் பனியானாலும் காலைத் திருப்பலிக்கு வந்து முன்வரிசையில் அமர்கிறவர்கள் நீங்கள்தாம். பொறுமையைப் பற்றிப் பேசவேண்டுமானால் உங்கள் மக்களையும் மருமக்களையும் அல்லவா கூட்டவேண்டும்? ஆகையால், வீடு மந்திரிக்கப் போகும் இடத்திலும், அறைவீட்டுத் திண்ணையிலும், ஏன், கல்லறைத் தோட்டத்து வாசலிலும்கூட நம்மிடம் கேட்கப்படுகிற ஒரு கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறோம். "ரிட்டயர் ஆன பிறகு எங்கே போய் இருப்பது நல்லது, சாமி?" என்பதே அக்கேள்வி.

இது உலகக் காரியமாயிற்றே, குருவானவர் இதில் தலையிட என்ன இருக்கிறது என்று எண்ணவேண்டாம். ஒருவர் தம் கடைசி இருபது ஆண்டுகளை எங்கே கழிக்கிறார் என்பதைப் பொறுத்தே, அவர் பூசை காண்பதும், நன்மை வாங்குவதும், கடைசி நேரத்தில் குரு வந்து நோயில்பூசுதல் கொடுப்பதும் அமைகின்றன.

நம் பங்கின் நிலை சற்றுத் தனியானது. இங்கே பாதிக் குடும்பங்கள் பொன்மலைப் பணிமனையை நம்பி வாழ்ந்தவை. மீதிப் பேர் பெல் தொழிற்சாலை, துப்பாக்கித் தொழிற்சாலை, பள்ளிக்கூடம் என்று போனவர்கள். 1928-இல் ரயில்வே பணிமனை நாகப்பட்டினத்தை விட்டுப் பொன்மலைக்கு வந்தபோது கூடவே வந்த தொழிலாளரின் பேரப்பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். குவார்ட்டர்ஸில் பிறந்து, குவார்ட்டர்ஸில் மணமாகி, குவார்ட்டர்ஸிலேயே பிள்ளை வளர்த்தவர்கள் பலர். மணி அடித்தால் வேலை, மணி அடித்தால் வீடு. அறுபது வயது நிறைந்த மாதக் கடைசியில் மாலை போட்டு, ஊர்வலமாய்க் கொண்டுவந்து விட்டுப் போகிறார்கள். சில மாதங்களில் வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட வேண்டும். அப்போதுதான் பலருக்கு முதன்முதலாக, "நம் ஊர் எது?" என்ற கேள்வி எழுகிறது. பாட்டனார் பிறந்த ஊரா? சம்பாதித்த ஊரா? பிள்ளை இருக்கும் ஊரா?

இக்கேள்வி முன் தலைமுறைக்கு இவ்வளவு கனமாய் இருந்ததில்லை. ஓய்வு பெற்றபின் சில ஆண்டுகளே பலருக்கு வாய்த்தன. இன்றோ அறுபதில் ஓய்வு பெற்றவர் எண்பதைத் தாண்டி வாழ்வது அபூர்வமன்று. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் அறுபதைக் கடந்தவர்கள். ஆக, ஓய்வுக் காலம் என்பது இன்னொரு சர்வீஸ் அளவுக்கு நீண்டுவிட்டது. அதற்கு இடம் தேடுகிறவர் ஓய்வு பெற்ற மறுமாதத்துச் சௌகரியத்தை மட்டும் பார்த்தால் போதாது.

வேதாகமத்தில் இந்தக் கேள்விக்கு நேர் பதில் சொன்ன கிழவர் ஒருவர் உண்டு. சாமுவேல் இரண்டாம் நூல், 19-ஆம் அதிகாரத்தில் அவர் வருகிறார். கிலயாது நாட்டுப் பர்சில்லாய் என்பது அவர் பெயர். அப்சலோமுக்கு அஞ்சித் தாவீது அரசர் ஓடிவந்தபோது, மகனாயிமில் அவருக்கும் அவர் ஆட்களுக்கும் சோறு போட்டுக் காப்பாற்றியவர். கலகம் அடங்கி அரசர் எருசலேம் திரும்பும்போது, "என்னோடு வந்துவிடும், அரண்மனையில் வைத்து உம்மைப் பராமரிக்கிறேன்" என்கிறார். எண்பது வயதுப் பர்சில்லாய் என்ன சொன்னார்? தமக்கு இனி விருந்தின் ருசி தெரியாது, பாட்டுச் சத்தமும் காதில் விழாது, அரசருக்கு ஏன் பாரமாக இருக்கவேண்டும் என்று கேட்டார். தாய் தந்தையின் கல்லறை இருக்கும் தம் ஊரிலேயே கண்மூட விரும்புவதாகச் சொல்லி, தமக்குப் பதிலாகக் கிம்காம் என்னும் இளைஞனை அனுப்பிவைத்தார். அரசரும் அவரை முத்தமிட்டு, ஆசி கூறி அனுப்பினார்.

"அப்படியானால் சொந்த ஊருக்கே போகவேண்டும் என்கிறீரா, சாமி?" என்று கேட்பீர்கள். பொறுங்கள். அதே வேதாகமத்தில் யாக்கோபும் இருக்கிறார். அவர் நூற்று முப்பது வயதில் குடும்பத்தோடு கானானை விட்டு, மகன் யோசேப்பைத் தேடி எகிப்துக்குப் போனவர். அங்கே பதினேழு ஆண்டுகள் நன்றாகவே வாழ்ந்தார். ஆனால் இரண்டு விவரங்களைக் கவனியுங்கள். மகன்தான் வருந்தி அழைத்தான். வெறும் வாய்ச்சொல்லாக அன்று, வண்டிகளையும் அனுப்பினான். அந்த வண்டிகளைக் கண்ட பிறகே கிழவருக்கு உயிர் வந்தது. இரண்டாவது, யாக்கோபு போய் யோசேப்பின் அரண்மனையில் படுத்துக்கொள்ளவில்லை. மகனுக்குப் பக்கத்தில், கோசேன் நாட்டில், தம் ஆடுமாடுகளோடும் தம் அடுப்போடும் தனியே இருந்தார். பிள்ளைகளுக்கு அருகே, ஆனால் நம் சொந்த அடுப்பு! பிள்ளை இருக்கும் நகரத்துக்குப் போயே ஆகவேண்டும் என்பவர்களுக்கு நாம் சொல்லுவது இந்தக் கோசேன் ஏற்பாட்டைத்தான். அதே வீட்டில் ஒரு மூலை அறையைக் காட்டிலும், அடுத்த தெருவில் தரைத்தளத்து வாடகை வீடு எவ்வளவோ மேல். மருமகளுக்கும் மூச்சு விட இடம் கிடைக்கும், உங்களுக்கும் கிடைக்கும்.

சென்னை, பெங்களூர் அடுக்குமாடிகளில் நம் பங்கின் தாய் தந்தையர் பலரை நாம் போய்ப் பார்த்திருக்கிறோம். ஆறாம் மாடி, பளபளக்கும் தரை, குழாயில் வெந்நீர். காலை எட்டு மணிக்கு மகனும் மருமகளும் போய்விட்டால் மாலை வரை பேச ஆளில்லை. பேரப்பிள்ளை பள்ளியிலிருந்து வந்தால் இரண்டு வார்த்தை. கோயில் மூன்று மைல், ஆட்டோவுக்குப் பணம் கேட்கக் கூச்சம். "சாமி, ஒரே ஒரு தடவை நம்ம கோயில் மணிச் சத்தத்தைப் போனில் கேட்கவைப்பீங்களா?" என்று ஒரு தாய் கேட்டார். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் நிலையும் இதுவே, அங்கே குளிர் கூடுதல், அவ்வளவுதான்.

சொந்த ஊர் என்னும் ஆசையையும் நிதானமாகப் பார்க்கவேண்டும். லால்குடிப் பக்கமோ, மணப்பாறைப் பக்கமோ, நாகப்பட்டினமோ, நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் ஊர் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஊர். கூட விளையாடியவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? பூர்வீக வீட்டில் அண்ணன் தம்பி பாகம் பிரிந்திருக்கிறதா? இராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் எவ்வளவு தூரம் போகவேண்டும்? 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் நம் மாநிலத்தில் ஓடுவது பெரிய உதவிதான். ஆனாலும் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் முதல் சில மணி நேரமே உயிரையும் கைகாலையும் காக்கிறது. பொன்மலை ரயில்வே மருத்துவமனையிலோ பெல் மருத்துவமனையிலோ முப்பது வருடம் வைத்தியம் பார்த்துப் பழகியவர்கள், அதை விட்டு நாற்பது மைல் தள்ளிப் போகுமுன் இதை யோசிக்க வேண்டும். நாம் சொல்லும் யோசனை ஒன்றுதான். பி.எஃப். பணத்தைப் போட்டு அங்கே வீடு எழுப்புமுன், ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்து மே மாத வெயிலில் ஒரு மாதம், ஐப்பசி மழையில் ஒரு மாதம் தங்கிப் பாருங்கள். திருவிழா வாரத்தில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். திருவிழாவில் எந்த ஊரும் நல்ல ஊர்தான்!

இனி, ஆண்களைக் கேட்கிறோம். இந்த முடிவை எடுக்குமுன் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டீர்களா? "அவளுக்கென்ன, நான் இருக்கும் இடம்தான் அவளுக்கும்" என்று சொல்லுகிறீர்கள். நீங்கள் ஓய்வு பெற்றீர்கள். அந்தத் தாய் ஓய்வு பெறவில்லை. அடுப்பு அடுப்பாகவே இருக்கிறது. உங்கள் நண்பர்கள் பணிமனையோடு போனார்கள். அவருடைய தோழியர் இந்தத் தெருவில், மாதா சபையில், சந்தையில் இருக்கிறார்கள். அவர்களை விட்டுப் பிரித்து, உங்கள் அண்ணன் தம்பிமார் ஊரில் கொண்டுபோய் வைத்தால், வயதான காலத்தில் இரண்டாம் தடவை புகுந்த வீட்டுக்குப் போகும் மருமகள் அல்லவா அவர்?

இதைவிடக் கசப்பான ஒன்றையும் சொல்லவேண்டும். பெரும்பாலும் மனைவி கணவரைவிட வயதில் சிறியவர். பெண்கள் ஆண்களைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். நம் பங்குப் பதிவேட்டைப் புரட்டினால் கைம்பெண்கள் எத்தனை, மனைவியை இழந்த ஆண்கள் எத்தனை என்று பார்த்தாலே தெரியும். ஆகவே, இருவரும் சேர்ந்து வாழ நல்ல இடம் எது என்று மட்டும் கேட்பது அரைக் கேள்வி. ஒருவர் போனபின் மற்றவர் தன்னந்தனியே வாழத்தக்க இடம் எது என்பதே முழுக்கேள்வி. ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைத்த மனையில் தோட்டமும் கிணறுமாய் வீடு கட்டியவர் போய்விட்டார். அந்த அம்மாள் இருட்டினால் கதவைத் தாழிட்டு உட்கார்ந்திருக்கிறார். பஸ் நிறுத்தத்துக்கு ஒரு மைல். பென்ஷன் எந்த வங்கியில் வந்தது, குடும்ப ஓய்வூதியத்துக்கு எந்தத் தாள் வேண்டும், ஒன்றும் தெரியாது. தாய்மார்களே, இந்த வாரமே வங்கிக்கு ஒரு தடவை நீங்கள் தனியாகப் போய் வாருங்கள். ஐயா திண்ணையில் உட்கார்ந்திருக்கட்டும்.

வீட்டை எழுதிக்கொடுப்பதைப் பற்றி நாம் பேசாமல் விட்டால் கடமை தவறியவர்கள் ஆவோம். அன்பினால் உயிரோடு இருக்கும்போதே மகன் பேருக்கோ மகள் பேருக்கோ செட்டில்மென்ட் எழுதிவிடுகிறார்கள். பிறகு அதே வீட்டில் விருந்தாளியாகிறார்கள். சில காலம் போனால் அதுவும் இல்லை. அவசரம் என்ன? உயில் எழுதினால் அது நம் காலத்துக்குப் பின்னரே நடைமுறைக்கு வரும். மனம் மாறினால் மாற்றியும் எழுதலாம். எழுதிக்கொடுத்தே தீரவேண்டிய நிலை வந்தால், கடைசி வரை எங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007-இல் மத்திய அரசு கொண்டுவந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, அப்படி நிபந்தனையோடு பெற்றுக்கொண்டவர் பராமரிக்கத் தவறினால் அப்பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்கலாம். மனுவைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். 14567 என்ற எண்ணில் முதியோர் உதவிக்குக் கட்டணமின்றிப் பேசவும் செய்யலாம். பிள்ளைகள்மேல் வழக்குப் போடச் சொல்லுகிறாரே சாமியார் என்று யாரும் கோபிக்கவேண்டாம். பத்திரம் ஒழுங்காய் இருந்தால் வழக்கே வராது என்றுதான் சொல்லுகிறோம்.

முதியோர் இல்லம் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. பிள்ளைகள் தள்ளிவிட்டார்கள் என்ற பேச்சு வருமே என்ற அச்சம். 1839-இல் பிரான்சு நாட்டின் பிரித்தானிக் கரையில், ஜான் ஜுகான் என்ற ஏழைப் பெண் பார்வையிழந்த ஒரு மூதாட்டியைத் தூக்கிவந்து தம் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, தாம் வேறிடத்தில் படுத்தார். அப்படிப் பிறந்ததுதான் ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. 1882-இல் கல்கத்தாவில் அவர்கள் இல்லம் தொடங்கினார்கள். 2009-இல் திருச்சபை ஜான் ஜுகானைப் புனிதையாக உயர்த்தியது. அத்தகைய இல்லத்தில் தினமும் பூசை உண்டு, பேச்சுத் துணை உண்டு. கவனிப்பாரற்ற பெரிய வீட்டில் கிடப்பதைவிட இது அவமானமா? பணம் வாங்கிக்கொண்டு நடத்தும் இல்லங்களும் கோயம்புத்தூர்ப் பக்கம் நிறைய வந்துவிட்டன. முன்பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், படுத்த படுக்கையாகிவிட்டால் வைத்துக்கொள்வார்களா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

குருக்களாகிய எங்கள் கதை உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். எழுபத்தைந்து வயது நிறைந்ததும் பங்குப் பொறுப்பிலிருந்து விலகல் கடிதம் கொடுக்கும்படி 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கேட்டுக்கொள்கிறது. இருப்பிடமும் பராமரிப்பும் ஆயர் பார்த்துக்கொள்ள வேண்டியவை. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2013-இல் பதவி விலகியபோது, பவேரியாவில் அவர் கட்டிய வீடு ஒன்று இருந்தும் அங்கே போகவில்லை. வத்திக்கான் தோட்டத்தில் உள்ள மடத்தில் தங்கி, 2022 டிசம்பர் 31-இல் அங்கேயே இறைவனடி சேர்ந்தார். இடையில் 2020-இல் மரணப் படுக்கையில் இருந்த தம் அண்ணனைப் பார்க்க மட்டும் ஊர் போய் வந்தார்.

இருக்கும் இடத்திலேயே இருப்பது என்று முடிவு செய்கிறவர்களே நம் பங்கில் கூடுதல். அது நல்ல முடிவு என்பதே நம் எண்ணம். கோயில் நடைதூரம், மருத்துவர் முகம் தெரிந்தவர், கடைக்காரர் கடன் கொடுப்பவர். ஆனால் வீட்டையும் வயதுக்குத் தக்கபடி மாற்றவேண்டும். மாடிப் படுக்கையறையை வாடகைக்கு விட்டுக் கீழே இறங்குங்கள். குளியலறையில் வழுக்காத தரையும், பிடித்துக்கொள்ளக் கம்பியும், உட்கார்ந்து எழ வசதியான கழிப்பிடமும் அமையுங்கள். பொன்விழா என்று வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், ஒரு கம்பி அடிக்க மறக்கிறோம். முதியவர்களின் இடுப்பெலும்பு முறிவு பெரும்பாலும் வீட்டுக்குள்ளே விழுந்ததால்தான் வருகிறது.

வேறு ஊருக்குப் போகிறவர்கள் நம்மிடம் சொல்லாமல் போகாதீர்கள். ஞானஸ்நான, திருமணச் சான்றுகளோடு ஒரு கடிதமும் தருகிறோம். போன முதல் மாதமே அந்தப் பங்கில் பெயரைப் பதியுங்கள். சென்னையில் நான்கு வருடம் இருந்த நம் பெரியவர் ஒருவர் இறந்தபோது, அந்தப் பங்குக் குருவானவருக்கு அவர் யார் என்றே தெரியவில்லை. விசாரித்து அடக்கம் செய்ய ஒரு நாள் ஆகிவிட்டது. எங்கே அடக்கம் செய்யவேண்டும் என்பதையும் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். யாக்கோபு எகிப்தில் வாழ்ந்தாலும், தம்மை மூதாதையர் கல்லறையில்தான் அடக்கவேண்டும் என்று யோசேப்பிடம் சத்தியம் வாங்கினார் அல்லவா?

கோயிலுக்கு வர முடியாமல் வீட்டோடு இருப்பவர்களுக்கு முதல் வெள்ளிதோறும் நற்கருணை கொண்டுவருகிறோம். நம் கையில் உள்ள பட்டியல் பழையது. அதில் சிலர் இப்போது இல்லை, புதிதாகப் படுத்தவர்கள் பெயர் ஏறவில்லை. உபதேசியார் வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறார். காப்பி குடித்துவிட்டுப் போகுமுன் பெயரும் தெருவும் சொல்லிச் செல்லுங்கள். வர இயலாதவர்களின் பெயரைப் பக்கத்து வீட்டார் கொடுத்தாலும் போதும்.