நாயின் வயிறும் நம்ம வீட்டுக் கஞ்சியும்

(வானொலி வேளாண் உரை)



மாட்டைப் பத்தி, ஆட்டைப் பத்தி, கோழியைப் பத்தி எத்தனையோ பேச்சுக் கேட்டிருப்பீங்க. இன்னிக்கு நான் நாயைப் பத்திப் பேசப் போறேன். "நாய்க்கு என்னங்க வைத்தியம்? புல்லைத் தின்னும், வாந்தி எடுக்கும், தன்னாலே தேறிக்கும்" என்று சொல்லுவீங்க. பல சமயம் அது சரிதான். தேறாத சமயமும் உண்டு. எது தேறும், எது தேறாது என்று பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சுக்கணும். அதுதான் இன்றைய பேச்சு.

கல்வராயன் மலையிலே வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்துச் சிற்றூர்கள்லே ராத்திரி ஆட்டுப்பட்டிக்குக் காவல் யார்? நாய்தான். கீழே சின்னசேலம், சங்கராபுரம், கச்சிராயபாளையம் பக்கம் மக்காச்சோளக் கொல்லைக்கும் மரவள்ளிக் கொல்லைக்கும் அதே காவல்தான். இப்போ சில வருஷமா வீட்டுத் திண்ணையிலே சின்ன சாதி நாயும் வந்தாச்சு. சடை நாய் என்று சொல்றோமே, அஞ்சு கிலோ ஆறு கிலோ எடையிலே, அதுவும் பிள்ளைகளோடு பிள்ளையா வளருது. பெரிய நாய் ரெண்டு நாள் வயிற்றாலே போனாலும் தாங்கும். சின்ன நாய் உடம்பிலே இருக்கிற தண்ணியே கொஞ்சம். அது ஒரே நாள்லே வற்றிப் போகும். சின்ன நாய்க்குக் கவனம் அதிகம் வேணும் என்பது இதனாலேதான்.

இரண்டு நாய்களின் கதை

என்னிடம் வந்த ரெண்டு நாய்களைப் பத்திச் சொல்றேன், கேளுங்க.

ஒரு பெரியவர் மலையிலேயிருந்து பஸ் ஏறி, கூடையிலே ஒரு சடை நாயைப் போட்டுத் தூக்கிக்கிட்டு வந்தார். கோயில்லே கிடா வெட்டு நடந்திருக்கு. கொழுப்பும் எலும்பும் குழம்புச் சோறுமா நாய் வயிறு முட்டத் தின்னிருக்கு. மறுநாள் வாந்தி, வயிற்றுப்போக்கு. "பாவம், பசிக்குதே" என்று பாலை ஊத்தியிருக்காங்க. இன்னும் அதிகமாச்சு. மூணாம் நாள் தலை தூக்க முடியாத நிலையிலேதான் என்கிட்ட வந்தது. நரம்பிலே தண்ணி ஏத்தினேன். அப்புறம் நாலு நாளைக்குக் குழைஞ்ச அரிசிச் சோறு, அதுவும் கரண்டி கரண்டியா. நாய் எழுந்துடுச்சு. பெரியவர் சிரிச்சுக்கிட்டே, "ஏன் டாக்டரய்யா, இதுக்கா நான் மலையிறங்கி வந்தேன்? கஞ்சி எங்க வீட்டிலேயே இருந்துச்சே!" என்றார். "ஆமாங்க பெரியவரே, முதல் நாளே கஞ்சியைக் குடுத்திருந்தா வந்திருக்க வேண்டாம்" என்றேன் நானும்.

அந்தப் பேச்சு அவரோட ஊருக்குப் போயிருக்கு. கொஞ்ச நாள் கழிச்சு அவரோட பங்காளி வீட்டிலே மூணு மாசக் குட்டி வாந்தி எடுத்தது. "டாக்டர் கஞ்சிதான் குடுக்கச் சொன்னாராம்" என்று ரெண்டு நாள் கஞ்சி குடுத்துப் பார்த்திருக்காங்க. குட்டி அதைத் தொடவே இல்லை. என்கிட்ட வரும்போது ரத்தமா போய்க்கிட்டிருந்தது, நாற்றம் தாங்க முடியலை. அன்னிக்கு ராத்திரியே செத்துப்போச்சு. கூட வந்த சின்னப் பொண்ணு அந்தக் காலிக் கூடையைக் கையிலே எடுக்கவே இல்லை.

அதுக்கு வந்தது பார்வோ என்கிற நச்சுயிரி நோய். கஞ்சி அதுக்கு மருந்து ஆகாது. தப்பு அந்த வீட்டுக்காரர் மேலே இல்லை. கஞ்சி எதுக்கு ஆகும் என்று சொன்ன நான், எதுக்கு ஆகாது என்று சொல்லாம விட்டேன். இன்னிக்கு ரெண்டையும் சேர்த்துச் சொல்லிடறேன்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

முதல்லே இதை மனசுலே வச்சுக்குங்க. கீழே சொல்றதிலே எது ஒண்ணு இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே கால்நடை மருத்துவர்கிட்ட போகணும்.

ஆறு மாசத்துக்கு உட்பட்ட குட்டி வாந்தி எடுத்து, தீனியைத் தொடாமச் சுருண்டு படுத்தால். கழிச்சல்லே ரத்தம் இருந்தால், அல்லது தார் மாதிரி கறுப்பாப் போனால். குடிச்ச தண்ணியும் நிக்காம வாந்தியா வந்தால். வயிறு உப்பி, வாந்தி வராமலே ஓங்கரிச்சால். ஒரு நாளைக்கு மேலே ஆகியும் குறையாட்டி. இதெல்லாம் கஞ்சிக்கு அடங்காது.

உடம்பிலே தண்ணி வற்றிடுச்சா என்று பார்க்க ஒரு வழி இருக்கு. பிடரித் தோலை ரெண்டு விரலாலே இழுத்து விடுங்க. சட்டுனு பழையபடி ஒட்டிக்கிட்டா நல்லது. கூடாரம் மாதிரி நின்னு மெதுவா இறங்கினா தண்ணி வற்றிப்போச்சு என்று அர்த்தம். ஈறைத் தொட்டுப் பாருங்க. ஈரமில்லாமப் பிசுபிசுன்னு இருந்தாலும் அதே அர்த்தம்தான்.

கொல்லையிலே பூச்சிக்குப் போட்ட குருணை மருந்தையோ எலி மருந்தையோ நாய் தின்னிருந்தா வாயிலே எச்சில் ஒழுகலாம், உடம்பு வெட்டி வெட்டி இழுக்கலாம். இது விஷம். மருந்துப் பொட்டலத்தைக் கையோட எடுத்துக்கிட்டு ஓடணும்.

இன்னொரு எச்சரிக்கை. எச்சில் வடியுது, விழுங்க முடியலை, குரல் மாறிப்போச்சு என்றால், "தொண்டையிலே எலும்பு மாட்டியிருக்கும்" என்று வாய்க்குள்ளே கையை விட்டுறாதீங்க. வெறிநோயாக்கூட இருக்கலாம். நாயைத் தனியா விட்டுட்டு மருத்துவருக்குச் சொல்லுங்க. கால்நடை உதவிக்கு 1962 என்கிற எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்கலாம்.

முதல் நாள் என்ன செய்யணும்?

இந்த அடையாளம் எதுவும் இல்லை, வளர்ந்த நாய், கண்டதைத் தின்னு வயிறு கெட்டிருக்கு, ஆனா சுறுசுறுப்பா இருக்கு என்றால் வீட்டிலேயே பார்க்கலாம்.

வாந்தி இருந்தா ஒரு வேளைத் தீனியை நிறுத்துங்க. ஆறு மணி நேரத்திலேயிருந்து பன்னிரண்டு மணி நேரம் போதும். குட்டிக்கும் ரொம்பச் சின்ன நாய்க்கும் பட்டினி போடவே கூடாது. ரத்தத்திலே சர்க்கரை குறைஞ்சு மயங்கி விழும். தண்ணியை மட்டும் யாருக்கும் நிறுத்தக் கூடாது. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணியிலே ஆறு சமதேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு கலக்குங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு கரண்டி வீதம் நக்கக் குடுங்க. மொத்தமா வச்சா மடக் மடக்குனு குடிச்சு, அப்படியே கக்கிடும். மாட்டுக்கு மூங்கில் குழாயிலே மருந்து ஊத்துற மாதிரி நாய் வாயைப் பிளந்து ஊத்தாதீங்க. புரை ஏறி நுரையீரலுக்குள்ளே போயிடும்.

கஞ்சி எப்படி?

பச்சரிசியோ புழுங்கலரிசியோ, மசியிற அளவு குழைய வேக வைங்க. மலையிலே இருக்கிறவங்க சாமை அரிசியையும் இப்படியே குழைய வைக்கலாம். கேழ்வரகுக் கூழிலே நார் அதிகம், வயிறு சரியாகிற வரைக்கும் அது வேண்டாம். ரெண்டு பங்கு சோத்துக்கு ஒரு பங்கு கோழிக்கறி. தோலும் எலும்பும் கொழுப்பும் நீக்கி, வெறும் தண்ணியிலே வேக வச்சுப் பிய்ச்சுப் போடணும். மிளகாய், மசாலா, எண்ணெய், வெங்காயம், பூண்டு எதுவுமே கூடாது. கறி இல்லாத வீட்டிலே அவிச்ச முட்டை போதும். வேக வச்சு மசிச்ச பரங்கிக்காய் ஒரு தேக்கரண்டி சேர்த்தா கழிச்சல் இறுகும்.

அளவும் முக்கியம். அஞ்சு கிலோ நாய்க்கு ஒரு வேளைக்கு ஒரு குழம்புக் கரண்டி அளவு போதும். ஒரு நாளைக்கு அஞ்சு வேளை குடுங்க. "நல்லாத் தின்னுதே" என்று ரெண்டாவது கரண்டி வைக்காதீங்க. கழிச்சல் இறுகினதும் பழைய தீனிக்குத் திடீர்னு தாவக் கூடாது. முதல் நாள் முக்கால் பங்கு கஞ்சி, கால் பங்கு வழக்கமான தீனி. அடுத்த நாள் பாதிப் பாதி. இப்படி நாலைஞ்சு நாள்லே மாத்தணும். வெறும் கஞ்சியையே மாசக்கணக்கா ஊத்துறதும் தப்பு. அது நோய்க்காலச் சோறு. அதிலே நாய்க்கு வேண்டிய சத்து முழுசா கிடையாது.

செய்யக் கூடாதது

பால் வேண்டாம். வளர்ந்த நாய் பலதுக்குப் பாலிலே இருக்கிற சர்க்கரை செரிக்காது. வயிற்றுப்போக்குள்ள நாய்க்குப் பால் வைக்கிறது எரியிற அடுப்பிலே விறகு வைக்கிற மாதிரி. விளக்கெண்ணெயும் வேண்டாம். நமக்கு வாங்கின மாத்திரை எதுவும் வேண்டாம். காய்ச்சல் மாத்திரை பாராசிட்டமால் நாயோட ஈரலைக் கெடுக்கும். வலி மாத்திரைகளாலே குடல்லே புண் வந்து ரத்தம் போகும், சிறுநீரகமும் கெடும். கழிச்சலை நிறுத்துற மாத்திரையும் மருத்துவர் சொல்லாமக் குடுக்கக் கூடாது.

வருமுன் காக்கிறது

நம்ம பக்கத்திலே மக்காச்சோளம் அதிகம். மணி உதிர்த்த கட்டையை நாய் முன்னாலே போடாதீங்க. கடிச்சு விழுங்கினா குடல்லே அடைச்சுக்கும், அறுத்துத்தான் எடுக்கணும். பச்சை மரவள்ளிக் கிழங்கும் தோலும் ஆட்டுக்கு மாட்டுக்கு ஆகாது என்று உங்களுக்கே தெரியும். நாய்க்கும் அது விஷம்தான். வெந்த கோழி எலும்பு ஊசி மாதிரி உடைஞ்சு குடலைக் குத்தும். கருவாட்டிலே உப்பு அதிகம். விசேஷ வீட்டுக் கொழுப்பு கணையத்தையே வீங்க வச்சுடும். நாய்க்கு வேளைக்கு வேளை ஒரே மாதிரி தீனி, கழுவின தட்டு, நல்ல தண்ணி. இது மூணும் இருந்தாலே பாதி வியாதி கிட்டே வராது.

மீதிப் பாதி பூச்சியாலே வர்றது. குட்டிக்கு ரெண்டாவது வாரத்திலேயே குடற்புழு மருந்தை ஆரம்பிச்சு, மூணு மாசம் வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் ஆறு மாசம் வரைக்கும் மாசம் ஒரு தடவை, அதுக்குப் பிறகு மூணு மாசத்துக்கு ஒரு தடவை குடுக்கணும். அளவு எடைக்குத் தக்கபடி, மருத்துவர் சொல்றபடி.

இதிலே உங்க ஆட்டுப்பட்டிக்கும் சம்பந்தம் இருக்கு. தலை சாய்ஞ்சு, ஒரே பக்கமாச் சுத்திச் சுத்தி விழுந்து சாகிற ஆட்டைப் பார்த்திருப்பீங்க. அதுக்கு ஒரு காரணம், மூளையிலே நாடாப்புழுவோட நீர்க்கட்டி. அந்தத் தலையை நாய்க்குப் பச்சையாப் போட்டா நாய் குடல்லே புழு வளரும். நாய் கழிஞ்ச இடத்துப் புல்லிலே முட்டை ஒட்டும். அந்தப் புல்லை மேயிற அடுத்த ஆட்டுக்கு அது போகும். அதனாலே ஆட்டுத் தலை, ஈரல், குடல் எதையும் பச்சையாப் போடாதீங்க. நல்லா வேக வையுங்க, இல்லாட்டி ஆழமாப் புதைச்சுடுங்க.

கடைசியா, தடுப்பூசி. பார்வோ நோய் 1978ஆம் ஆண்டு வாக்கிலே உலகம் பூரா பரவினது. அதுக்குத் தடுப்பூசி உண்டு. குட்டிக்கு ஆறு எட்டு வாரத்திலே ஆரம்பிச்சு, மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவையா, பதினாறு வாரம் ஆகிற வரைக்கும் போடணும். பிறகு மருத்துவர் சொல்ற கெடுவிலே. ஒரு குட்டி செத்த வீட்டிலே அந்தக் கிருமி மாசக்கணக்கா மண்ணிலே உயிரோட இருக்கும். பிளீச்சிங் பவுடர் கரைச்சுத் தரையைக் கழுவுங்க. ஊசி போட்டு முடிக்காத குட்டியை அந்த இடத்துக்குக் கொண்டு வராதீங்க. கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டு நவம்பர்லே தனி மாவட்டமா ஆச்சு; பக்கத்திலே தலைவாசல்லே கால்நடை மருத்துவக் கல்லூரியும் வந்திருக்கு. நாயைத் தூக்கிக்கிட்டுப் போக வெட்கப்படாதீங்க.

அந்தச் சின்னப் பொண்ணோட வீட்டுக்கு இப்போ வேறொரு குட்டி வந்திருக்கு. முதல் ஊசிக்கு அதே கூடையிலே வச்சு அவளே தூக்கிக்கிட்டு வந்தா. "கஞ்சி எதுக்கு, ஊசி எதுக்குன்னு எனக்குத் தெரியும்" என்று எனக்கே சொல்லிக் குடுத்துட்டுப் போனா. அதை நீங்களும் மனசுலே வச்சுக்கணும் என்று கேட்டு முடிச்சுக்கிறேன்.